பழைய பைக் கார்புரேட்டரில் ஃப்ளோட் உயரம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய பைக்கைப் பிரித்து மாட்டுபவர்களிடமிருந்து இதே சந்தேகங்கள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. ஆளுக்கு ஆள் தனியாகச் சொல்வதைவிட ஒரே இடத்தில் எழுதி வைப்பது மேல் என்று தொகுத்தேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன்.

ஃப்ளோட் உயரம்னா என்ன? அதுக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம்?

கார்புரேட்டரின் அடியில் இருக்கும் கிண்ணத்தில் பெட்ரோல் எப்போதும் ஒரே மட்டத்தில் நிற்க வேண்டும். அந்தக் காவல் வேலை ஃப்ளோட்டுடையது. தண்ணீர்த் தொட்டியில் பந்து மிதந்து வந்து குழாயை அடைப்பது போலத்தான். பெட்ரோல் ஏற ஏற ஃப்ளோட்டும் ஏறும். அதன் கையில் நீட்டிக்கொண்டிருக்கும் சிறு தகடு, நீடில் என்னும் கூர்முனை அடைப்பானைத் தள்ளும். நீடில் தன் சீட்டில், அதாவது பெட்ரோல் உள்ளே வரும் துளையின் வாயில், உட்கார்ந்து பெட்ரோல் வரத்தை நிறுத்தும். அந்தத் தகட்டை இனி நாக்கு என்றே சொல்கிறேன்.

எஞ்சின் உறிஞ்சும்போது பெட்ரோல் இந்த மட்டத்திலிருந்து மேலேறித்தான் காற்றோடு கலக்க வேண்டும். மட்டம் உயரமாக இருந்தால் சுலபமாக ஏறும், கலவை ரிச்சாகும், அதாவது அதில் பெட்ரோல் கூடும். தாழ்வாக இருந்தால் லீனாகும், அதாவது பெட்ரோல் குறையும். ஃப்ளோட் உயரம் என்று நாம் அளப்பது இந்த மட்டத்தை அல்ல. கார்புரேட்டரைக் கவிழ்த்துப் பிடித்து, நீடில் அடைக்கும் தருணத்தில் ஃப்ளோட் எங்கே நிற்கிறது என்பதை அளக்கிறோம். அந்த எண்ணை வைத்து மட்டத்தை ஊகிக்கிறோம், அவ்வளவுதான். இதை மறந்துவிடுவதால் வரும் குழப்பங்கள்தான் கீழே பாதிக் கேள்விகள்.

உயரத்தைக் கூட்டினா பெட்ரோல் மட்டம் கூடுமா, குறையுமா?

குறையும். அளக்கும்போது கார்புரேட்டர் தலைகீழாக இருக்கிறது. கார்புரேட்டர் உடலின் கேஸ்கட் முகத்திலிருந்து (கிண்ணம் வந்து பொருந்தும் தட்டையான பரப்பு) ஃப்ளோட்டின் வெளி விளிம்பு வரைதான் அளவு. எண் பெரிதானால் ஃப்ளோட் உடலை விட்டு விலகி நிற்கிறது என்று பொருள். நிமிர்த்தி மாட்டியபின் அதே ஃப்ளோட் தாழ்வாக இருக்கும்போதே நீடில் அடைத்துவிடும். ஆக, எண் பெரிதானால் மட்டம் தாழ்வு, லீன். எண் சிறிதானால் மட்டம் உயர்வு, ரிச். அனுபவசாலிகளும் இதில் தலைகீழாக வளைத்துவிடுவது உண்டு. இதை ஒரு தாளில் எழுதி எதிரே வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்குங்கள்.

என் பைக்குக்கு எத்தனை மி.மீ. வைக்கணும்?

சர்வீஸ் மேனுவலில் இருக்கும். உதாரணத்துக்கு, 1969-இல் வந்த ஹோண்டா சிபி750-க்கு 26 மி.மீ., சிபி550-க்கு 22 மி.மீ. ஒரே கம்பெனியின் இரண்டு நான்கு சிலிண்டர் பைக்குகளுக்கு நடுவிலேயே இவ்வளவு வித்தியாசம். அதனால் "எல்லாத்துக்கும் பொதுவா இவ்வளவு" என்று யாராவது ஒரு எண் சொன்னால் காதில் வாங்காதீர்கள்.

இன்னொன்று, இந்த எண் பைக்குக்கு அல்ல, கார்புரேட்டருக்கு உரியது. பழைய பைக்குகளில் கார்புரேட்டர் கை மாறி வந்திருப்பது சகஜம். உடலில் பொறித்திருக்கும் எண்ணை முதலில் பாருங்கள். அது மேனுவலில் உள்ளதோடு பொருந்தாவிட்டால், மாட்டியிருக்கும் கார்புரேட்டருக்கு உண்டான அளவைத் தேடுங்கள்.

சரி, எப்படி அளக்கறது? ஒண்ணொண்ணா சொல்லுங்க.

பெட்ரோல் டேப்பை மூடி, கிண்ணத்தை வடித்து, கார்புரேட்டரைக் கழற்றுங்கள். காற்றோட்டமான இடத்தில், பக்கத்தில் நெருப்போ தீப்பொறியோ இல்லாமல் செய்யுங்கள். கிண்ணத்தைக் கழற்றி, கேஸ்கட் முகத்தில் ஒட்டியிருக்கும் பழைய கேஸ்கட் துணுக்குகளைச் சுத்தம் செய்யுங்கள். நீடிலும் சீட்டும் சுத்தமாக இருக்கட்டும். அழுக்கு நீடிலை வைத்து எடுக்கும் அளவு எதற்கும் உதவாது.

இப்போது ஃப்ளோட் கீல் மேலே வரும்படி கார்புரேட்டரைச் செங்குத்தாகப் பிடியுங்கள். ஃப்ளோட் தொங்கும், நீடில் மேல் பாரம் இறங்காது. அங்கிருந்து மெதுவாகக் கவிழ்க்கும் திசையில் சாயுங்கள். ஏதோ ஒரு கோணத்தில், ஏறக்குறைய 45 முதல் 60 டிகிரிக்குள், நாக்கு நீடிலை மெல்லத் தொட்டு நிற்கும். நீடில் அடைந்திருக்கும், ஆனால் ஃப்ளோட்டின் முழுப் பாரம் அதன் மேல் இல்லை. அந்த நிலையில், கேஸ்கட் முகத்திலிருந்து ஃப்ளோட்டின் மிகத் தூரமான விளிம்பு வரை அளங்கள். அளவுகோல் கேஸ்கட் முகத்துக்குச் செங்குத்தாக நிற்க வேண்டும். கொஞ்சம் சாய்ந்தாலும் ஒரு மி.மீ. பொய் சொல்லும்.

இரட்டை ஃப்ளோட்டாக இருந்தால் இரண்டு பக்கமும் அளங்கள். ஒன்று ஏறி ஒன்று இறங்கியிருந்தால் கை முறுக்கியிருக்கிறது. முதலில் அதை நேராக்கிவிட்டுத்தான் உயரத்தைத் தொட வேண்டும்.

நீடில் தலையில ஸ்பிரிங் வச்ச சின்னக் குச்சி இருக்கே, அதை அழுத்தி அளக்கணுமா, அழுத்தாமலா?

அழுத்தாமல். அந்தக் குச்சி அதிர்வை வாங்கிக்கொள்வதற்காக இருப்பது. அது இல்லாவிட்டால் எஞ்சின் ஆட்டத்தில் நீடில் சீட்டில் குதித்துக்கொண்டே இருக்கும். கார்புரேட்டரை முழுக்கக் கவிழ்த்து மேசையில் வைத்து அளந்தால் ஃப்ளோட்டின் எடையே குச்சியை அமுக்கிவிடும். எண் சிறிதாக வரும், நீங்கள் அதைச் சரிசெய்கிறேன் என்று நாக்கை வளைத்து மட்டத்தைத் தாழ்த்திவிடுவீர்கள். மேலே சாய்த்துப் பிடிக்கச் சொன்னது இதற்காகத்தான். ஸ்பிரிங் இல்லாத கெட்டி நீடிலில் இந்தத் தொல்லை இல்லை.

இதுக்குன்னு தனி கேஜ் வாங்கணுமா?

வேண்டாம். வெர்னியர் காலிப்பரின் பின்னால் நீளும் ஆழக்கம்பி போதும். அதுகூட இல்லையென்றால், கெட்டி அட்டையில் தேவையான உயரத்துக்கு ஒரு பள்ளம் வெட்டி, இரு கால்களையும் கேஸ்கட் முகத்தில் ஊன்றிப் பாருங்கள். ஃப்ளோட் பள்ளத்தின் மேல்விளிம்பை உரசியும் உரசாமலும் இருந்தால் அளவு சரி. பல கார்புரேட்டர் உள்ள பைக்குக்கு நான் அட்டையைத்தான் விரும்புவேன். ஒவ்வொரு தடவையும் எண்ணைப் படிக்க வேண்டியதில்லை, கையும் கண்ணும் போதும்.

கேஸ்கட்டோட அளக்கணுமா, இல்லாமலா?

பெரும்பாலான மேனுவல்களில் வெறும் உலோக முகத்திலிருந்துதான். உங்கள் மேனுவலில் வேறு மாதிரி படம் போட்டிருந்தால் அதன்படி செய்யுங்கள்.

நாக்கை எப்படி வளைக்கறது? எவ்வளவு வளைக்கறது?

ஃப்ளோட்டைக் கழற்றிக் கையில் வைத்து, மெல்லிய மூக்குள்ள குறட்டால் வளையுங்கள். மாட்டிய நிலையிலேயே ஃப்ளோட்டைப் பிடித்து அமுக்கி வளைப்பது வேகமான வழிதான். ஆனால் அந்த அழுத்தம் முழுதும் நீடில் முனையில் இறங்கும். ரப்பர் முனையில் ஒரு வளையத் தழும்பு விழுந்தால் அதற்கப்புறம் ஒழுக்குதான்.

வளைப்பது மயிரிழை அளவு போதும். நாக்கு கீலுக்குப் பக்கத்திலும் ஃப்ளோட் தூரத்திலும் இருப்பதால், நாக்கில் செய்யும் மாற்றம் ஃப்ளோட்டில் பல மடங்காகத் தெரியும். வளைத்த பிறகு நாக்கின் முகம் நீடிலுக்கு நேராக நிற்கிறதா என்று பாருங்கள். கோணலாகத் தள்ளினால் நீடில் சிக்கும். பழைய நாக்கில் குச்சி உரசி ஒரு குழி விழுந்திருக்கும். அதை மெல்லிய உப்புத்தாளால் தேய்த்து வழவழப்பாக்குங்கள்.

சில ஃப்ளோட்டுகளில் இரண்டாவதாக ஒரு நாக்கு உண்டு. அது ஃப்ளோட் கீழே எவ்வளவு இறங்கலாம் என்று தடுத்து நிறுத்துவது. உயரத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. தெரியாமல் அதை வளைத்துவிட்டு "எவ்வளவு வளைச்சாலும் அளவு மாறல" என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள்.

கீல் பின் வரவே மாட்டேங்குது. தட்டி எடுக்கலாமா?

இங்கே மட்டும் அவசரம் கூடாது. பின்னைத் தாங்கும் இரண்டு தூண்களும் உடலோடு சேர்த்து வார்த்த மெல்லிய உலோகம். ஒன்று முறிந்தால் அந்த உடலே போன மாதிரிதான், ஒட்டி நிறுத்துவது பெரிய வேலை. துரு இளக்கும் எண்ணெய் விட்டு ஒரு இரவு ஊற விடுங்கள். பின்னுக்கு ஒரு பக்கம் தலை இருக்கிறதா பாருங்கள். தலை இருந்தால் அந்தப் பக்கமாகத்தான் வெளியே வரும். தட்டும்போது எதிர்ப்பக்கத் தூணுக்குப் பின்னால் முட்டுக் கொடுத்து, பின்னைவிடச் சிறிய கம்பியால் லேசாகத் தட்டுங்கள். பொறுமை இல்லாத நாளில் இந்த வேலையைத் தொடாதீர்கள்.

என்னோடது பிளாஸ்டிக் ஃப்ளோட். வளைக்க நாக்கே இல்லையே?

அந்த வகையில் உயரம் தொழிற்சாலையிலேயே முடிவானது. அளவு தவறி வந்தால் ஃப்ளோட்டைக் குற்றம் சொல்வதற்கு முன் நீடிலையும் சீட்டையும் பாருங்கள். சீட் திருகி மாட்டும் வகையாக இருந்தால், அதன் அடியில் உள்ள வாஷரின் கனத்தை மாற்றி மட்டத்தை நகர்த்தலாம். கனமான வாஷர் போட்டால் சீட் ஃப்ளோட்டை நோக்கி வெளியே வரும், நீடில் சீக்கிரமே அடைக்கும், மட்டம் தாழும். பிளாஸ்டிக் கையைச் சூடாக்கி வளைக்கும் யோசனை மட்டும் வேண்டாம்.

பெட்ரோல் ஒழுகிக்கிட்டே இருக்கு. உயரத்தைக் கூட்டினா நின்னுடுமா?

அநேகமாக நிற்காது. அதிகம் பேர் தடுமாறுவது இங்கேதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். நீடில் ஒழுங்காக அடைத்தால், உயரம் ஒரு மி.மீ. தவறியிருந்தாலும் பெட்ரோல் பெரும்பாலும் வழியாது, கலவை மட்டும்தான் கெடும். விடாமல் வழிகிறது என்றால் நீடில் அடைக்கவில்லை, அல்லது பெட்ரோல் வேறு வழியில் போகிறது. முதலில் கிண்ணத்தை ஸ்க்ரூடிரைவர் பிடியால் லேசாகத் தட்டிப் பாருங்கள். நின்றுவிட்டால் நீடில் சிக்கியிருந்தது அல்லது ஒரு துகள் மாட்டியிருந்தது.

நிற்காவிட்டால் கழற்றுங்கள். நீடில் முனையை வெளிச்சத்தில் பார்த்தால் வளையத் தழும்பு தெரியும். இருந்தால் மாற்ற வேண்டியதுதான். சீட்டின் உள்முகத்தைப் பஞ்சுக்குச்சியும் உலோக பாலிஷும் வைத்துத் துடைத்தெடுக்கலாம். கழற்றக்கூடிய சீட்டாக இருந்தால் அதைச் சுற்றிய ஓ-ரிங் காய்ந்து போயிருக்கிறதா பாருங்கள். நீடில் கச்சிதமாக அடைத்தாலும் ஓ-ரிங்கைச் சுற்றிப் பெட்ரோல் உள்ளே வந்துகொண்டே இருக்கும். சோதிக்க, பெட்ரோல் வரும் குழாயில் சுத்தமான டியூப் மாட்டி, கார்புரேட்டரைக் கவிழ்த்து மெதுவாக ஊதுங்கள். காற்று போகக் கூடாது. ஃப்ளோட்டைத் தூக்கினால் போக வேண்டும். கம்ப்ரஸர் காற்றை இதற்குப் பயன்படுத்தாதீர்கள்.

எல்லாம் சரியாக இருந்தும் ஓவர்ஃப்ளோ குழாய் வழியே சொட்டுகிறதா? கிண்ணத்துக்குள் நிமிர்ந்து நிற்கும் பித்தளைக் குழாயைச் சந்தேகப்படுங்கள். அதில் மயிரிழை வெடிப்பு விழுவது பழைய ஹோண்டாக்களில் நன்கு தெரிந்த கோளாறு. கிண்ணத்தை மட்டும் தனியே எடுத்து, குழாயின் வாய்க்குக் கீழே வரை பெட்ரோல் ஊற்றி ஒரு காகிதத்தின் மேல் வையுங்கள். காகிதம் நனைந்தால் ஆயிரம் தடவை நாக்கை வளைத்தும் பயனில்லை, அந்தக் குழாயைத்தான் அடைக்கவோ மாற்றவோ வேண்டும்.

சைட் ஸ்டாண்டில் மட்டும் ஒழுகி, நேராக நிறுத்தினால் நிற்கிறதா? அப்போதுதான் மட்டம் கொஞ்சம் அதிகமோ என்று யோசிக்கலாம்.

பித்தளை ஃப்ளோட்ல ஓட்டை இருக்கான்னு எப்படித் தெரியும்?

காதருகே வைத்து ஆட்டுங்கள். உள்ளே சளசளப்புக் கேட்டால் பெட்ரோல் புகுந்திருக்கிறது. கேட்காவிட்டாலும் நல்ல சூடான தண்ணீரில் முழுக்கி வையுங்கள். உள்ளே உள்ள காற்று விரிந்து, ஓட்டை இருக்கும் இடத்தில் குமிழி விடும்.

சால்டர் வைத்து அடைக்கலாம். ஆனால் உள்ளே ஒரு துளி பெட்ரோலோ அதன் ஆவியோ இருக்கும்போது சூடு காட்டினால் வெடிக்கும். ஓட்டை கீழே இருக்கும்படி சூடான நீரில் வைத்து முழுதும் வடியவிட்டு, நன்றாகக் காய்ந்த பிறகு மின்சார சால்டரிங் அயர்னால் மட்டும் செய்யுங்கள், நெருப்புச் சுடரால் வேண்டாம். சால்டரை அள்ளிப் பூசினால் ஃப்ளோட் கனமாகி ஆழமாக அமிழ்ந்து மிதக்கும், மட்டம் உயரும். இரட்டை ஃப்ளோட்டில் ஒரு பக்கம் மட்டும் கனத்தால் இன்னும் மோசம்.

புது ரிப்பேர் கிட் போட்டேன். அதுக்கப்புறம்தான் பைக் மோசமாச்சு. ஏன்?

கிட்டில் வந்த நீடில் பழையதைவிட அரை மி.மீ. நீளமாகவோ குட்டையாகவோ இருந்திருக்கும். முன்னே சொன்ன மடங்குக் கணக்குப்படி அது ஃப்ளோட் உயரத்தில் பெரிதாகத் தெரியும். வாஷரின் கனமும் மாறியிருக்கலாம். நீடிலையோ சீட்டையோ மாற்றினால் உயரத்தை மறுபடி அளந்தே ஆக வேண்டும். பழைய நீடிலைத் தூக்கிப் போடுவதற்கு முன் புதியதோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

கார்புரேட்டரைக் கழற்றாமலே மட்டத்தைப் பார்க்க வழி இருக்கா?

இருக்கிறது, உண்மையில் அதுதான் நேரான வழி. கிண்ணத்தின் வடிகுழாய் முனையில் உள்ளே தெரியும் டியூப் ஒன்றை மாட்டி, அதை மேலே வளைத்துக் கிண்ணத்தின் பக்கவாட்டில் ஒட்டிப் பிடியுங்கள். பைக் சென்டர் ஸ்டாண்டில் நேராக நிற்க வேண்டும். பெட்ரோலைத் திறந்துவிட்டு, வடிகால் ஸ்க்ரூவைத் தளர்த்துங்கள். வேக்கும் டேப்பாக (எஞ்சின் உறிஞ்சினால் மட்டும் திறக்கும் வகை) இருந்தால் பிரைமில், அதாவது எப்போதும் திறந்திருக்கும் நிலையில், வையுங்கள். டியூபில் பெட்ரோல் ஏறி நிற்கும் இடம்தான் கிண்ணத்துக்குள் இருக்கும் மட்டம். கிண்ணம் உடலோடு சேரும் கோட்டிலிருந்து அது எவ்வளவு கீழே இருக்கிறது என்று பாருங்கள். டியூப் மிகவும் மெல்லியதாக இருந்தால் பெட்ரோல் தானாகவே கொஞ்சம் மேலேறிக் காட்டும், அதனால் சற்று அகலமானதை எடுங்கள்.

பெட்ரோலுக்குப் பதிலா தண்ணீர் ஊத்திப் பார்க்கலாமா? ஆபத்தில்லையே.

ஆபத்தில்லைதான், அளவும் கிடைக்காது. பெட்ரோலின் அடர்த்தி லிட்டருக்கு ஏறக்குறைய 0.72 முதல் 0.775 கிலோ, தண்ணீருக்கு 1 கிலோ. தண்ணீரில் ஃப்ளோட் அதிகம் வெளியே துருத்தி மிதக்கும், நீடில் முன்கூட்டியே அடைக்கும், மட்டம் பொய்யாகத் தாழ்வாகத் தெரியும். உள்ளே ஈரம் தங்கித் துருப்பிடிப்பது உபரி.

நாலு கார்புரேட்டர். நாலும் துல்லியமா ஒண்ணா இருக்கணுமா?

மேனுவல் சொல்லும் எண்ணிலிருந்து அரை மி.மீ. தள்ளியிருந்தாலும் நான் கவலைப்பட மாட்டேன். நான்கும் தங்களுக்குள் ஒத்திருப்பதுதான் முக்கியம். ஒரு சிலிண்டர் ரிச்சாகவும் பக்கத்தது லீனாகவும் ஓடினால், வேக்கும் கேஜ் வைத்து எவ்வளவு சிங்க் செய்தாலும் (நான்கும் ஒரே அளவில் திறக்கும்படி ஒத்திசைப்பது) ஐட்லிங் சீராக வராது. அதனால் ஃப்ளோட் முதலில், சிங்க் கடைசியில்.

பிளக் கருப்பா இருக்கு. மட்டத்தைத் தாழ்த்திச் சரிபண்ணிடலாமா?

கூடாது. கருப்பு பிளக் கலவை ரிச் என்பதன் அடையாளம்தான், ஆனால் ஃப்ளோட் உயரம் டியூனிங் செய்யும் திருகு அல்ல. உரிய அளவில் வைத்துவிட்டு, கலவையை ஜெட் (பெட்ரோல் போகும் அளவான துளை), நீடில் கிளிப் (இது ஃப்ளோட் நீடில் அல்ல, ஆக்ஸிலேட்டரோடு ஏறி இறங்கும் வேறு நீடிலுடையது), ஏர் ஸ்க்ரூ இவற்றால் திருத்துங்கள். அதற்கும் முன்னால் ஏர் ஃபில்டர் அடைத்திருக்கிறதா, சோக் முழுதும் திறக்கிறதா என்று பாருங்கள்.

அளந்து பார்த்து உயரம் நிஜமாகவே தவறு என்றால் மட்டும் மாற்றுங்கள். மட்டத்தின் தாக்கம் அதிகம் தெரிவது ஆக்ஸிலேட்டரைக் கொஞ்சமாகத் திறக்கும்போதுதான். அப்போது உறிஞ்சும் விசை குறைவு, இரண்டு மி.மீ. ஏற்றம்கூட அதற்குப் பெரிய பாரம். முழுக்கத் திறந்தால் விசை பலமாகிவிடும், அந்த இரண்டு மி.மீ. பொருட்டே அல்ல.

அப்படின்னா, ஃபுல் ஸ்பீடுல கொஞ்ச தூரம் போனதும் எஞ்சின் திணறுதே, அதுக்குக் காரணம் ஃப்ளோட் இல்லையா?

மேலே சொன்னதை வைத்துப் பார்த்தால் ஃப்ளோட் உயரம் கடைசிச் சந்தேகமாகத்தான் இருக்க வேண்டும். கிண்ணம் நிரம்பும் வேகத்துக்கு மேல் எஞ்சின் குடிக்கிறது, அதுதான் பெரும்பாலும் நடப்பது. டேங்க் மூடியின் காற்றுத்துளை அடைத்திருக்கலாம். திணறும்போது வண்டியை நிறுத்தி மூடியைத் திறந்துவிட்டு மறுபடி ஓட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும். டேப்பின் வலை, பெட்ரோல் டியூப் மடிப்பு, சீட்டின் துளை எல்லாம் அப்புறம். கிண்ணத்துக்குக் காற்று போகும் வழி அடைத்திருந்தாலும் இதே திணறல் வரும்.

எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு உயரத்தை மாத்தணுமா?

தேவையில்லை. எத்தனாலின் அடர்த்தி லிட்டருக்கு 0.789 கிலோ, பெட்ரோலை விடச் சற்றே அதிகம். 10 சதவீதக் கலப்பில் மட்டம் மாறுவது அளவுகோலில் படிக்க முடியாத அளவு. கலவை கொஞ்சம் லீனாகும் என்பது உண்மை, அதற்கு ஜெட்டைப் பாருங்கள். கவலைப்பட வேண்டியது பழைய ரப்பர் பாகங்களைப் பற்றியும், மிகப் பழைய வண்டிகளின் கார்க் ஃப்ளோட் பற்றியும்தான். கார்க்குக்குப் பூசிய அரக்குப் பூச்சு ஆல்கஹாலில் கரையும். அப்புறம் கார்க் பெட்ரோலைக் குடித்து மூழ்கும்.

எஞ்சின் ஆயில்ல பெட்ரோல் வாசனை வருது. இதுக்கும் ஃப்ளோட்டுக்கும் சம்பந்தம் உண்டா?

உண்டு, இதை ஆறப்போடாதீர்கள். டேப் திறந்தே இருந்து நீடில் ஒழுகினால், பெட்ரோல் சிலிண்டருக்குள் இறங்கி, ரிங்குகளைத் தாண்டி ஆயிலில் கலக்கும். ஆயில் நீர்த்துப் பேரிங் தேயும். சிலிண்டரில் பெட்ரோல் தேங்கிய நிலையில் ஸ்டார்ட் செய்தால் பிஸ்டன் முட்டிக் கனெக்டிங் ராடு வளையக்கூடும். இக்னிஷனை அணைத்து, பிளக்கைக் கழற்றி, மெதுவாக மிதித்து உள்ளே உள்ளதை வெளியேற்றுங்கள். ஆயிலை மாற்றுங்கள். ஒழுக்குக்கு மேலே சொன்ன சோதனைகளை வரிசையாகச் செய்யுங்கள். நிறுத்தியதும் டேப்பை மூடும் பழக்கமும் வேண்டும்.

ஏமல் கார்புரேட்டருக்கு இந்த முறை ஒத்துவரலையே?

ஏமல் என்பது பழைய பிரிட்டிஷ் பைக்குகளில் வரும் கார்புரேட்டர். 1967-இல் வந்த ஏமல் கான்சென்ட்ரிக்கில் ஃப்ளோட்டும் நீடிலும் கிண்ணத்திலேயே உட்கார்ந்திருக்கும். அதனால் கவிழ்த்து அளக்கும் வேலை இல்லை. கிண்ணத்தின் விளிம்பிலிருந்து பெட்ரோல் எவ்வளவு கீழே நிற்கிறது என்றே பார்ப்பார்கள். சீட் கிண்ணத்தில் இறுக்கிச் செருகியது. மட்டத்தை மாற்ற, கிண்ணத்தைக் கொதிநீரில் சூடாக்கி அந்த சீட்டைக் கொஞ்சம் ஏற்றவோ இறக்கவோ வேண்டும். பின்னாளில் வளைக்கக்கூடிய நாக்குள்ள ஃப்ளோட்டும் வந்தது. அது கிடைத்தால் வேலை பாதி.

உயரம் மேனுவல்படி சரியா இருக்கு. ஆனா டியூப்ல மட்டம் ஒத்துவரல. எதை நம்பறது?

டியூபை. எஞ்சினுக்குத் தெரிவது பெட்ரோல் மட்டம் மட்டும்தான். சால்டர் ஏறிக் கனத்த ஃப்ளோட், ஸ்பிரிங் தளர்ந்த குச்சி, நீளம் மாறிய நீடில் இவற்றில் ஏதாவது இருந்தால் இரண்டும் ஒத்துவராது. முதலில் பைக் நேராக நிற்கிறதா, டியூபில் காற்றுக்குமிழி இல்லையா என்று பார்த்துவிட்டு இன்னொரு தடவை அளங்கள். அப்போதும் வித்தியாசம் இருந்தால் மேனுவல் சொல்லும் மட்டம் டியூபில் வரும்வரை நாக்கைத் திருத்துங்கள். மேனுவலில் மட்டம் தரப்படாத கார்புரேட்டருக்கு, உயரம் சரியாக இருந்து நன்றாக ஓடும் அதே மாடல் ஒன்றில் டியூப் வைத்துப் பார்த்து அந்த மட்டத்தை எடுத்துக்கொள்ளலாம். முடித்த பிறகு கவிழ்த்து அளந்தால் என்ன எண் வருகிறதோ அதைக் குறித்து வையுங்கள். அடுத்த முறை திறக்கும்போது அந்த எண்தான் உங்கள் கார்புரேட்டருக்கு உரியது.